உள்ளங்கையளவு ரப்பர்

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் விஜயனால் காரில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. குழியில் இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்துப் பக்கம் ‘டொக்’ என்று சத்தம் வரும். கூடவே அவரும் முனகுவார். ஓட்டுவது அவர் மனைவி ரமணி. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு சிகிச்சைக்குப் போய் வருவதற்குள் இருவருக்கும் போதும் போதுமென்றாகிவிடும். அதிர்ச்சியைத் தாங்கும் அப்சார்பரை மாற்றியும் சத்தம் போகவில்லை.

சுங்கை வேயில் மெக்கானிக் முகுந்தனின் பட்டறையில் காரைத் தூக்கி நிறுத்தியதும் ரமணி அடியில் போய் நின்றாள். முகுந்தன் ஒரு கம்பியைச் செருகி மெல்ல நெம்பினான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கையின் நுனியில் இருந்த ரப்பர் வாயைப் பிளந்தது.

“பாருங்கக்கா. கொஞ்சூண்டுதான் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமைதான் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குத் தனியாகப் போய் வந்திருந்தாள், நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில்.

“இத வச்சுக்கிட்டா ஓட்டினேன்?” என்றாள் ரமணி.

ரப்பரை வெளியே தள்ள, கழற்றிய இரும்புக் கையை முகுந்தன் பிரஸ் மெஷினில் வைத்து அழுத்தினான். ரப்பர் அசையவில்லை. பத்து டன் மெஷினே கிறீச்சிட்டது. திடீரென்று வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம். பழைய ரப்பர் தரையில் விழுந்து உருண்டது. வாசல் பெஞ்சில் இருந்த விஜயன்கூட எழுந்து வந்துவிட்டார்.

புதியதை ரமணி கையில் வாங்கிப் பார்த்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. நகத்தால் அழுத்தினாள், பதியவில்லை.

“இவ்வளவுதானா! இதுவா அத்தனை அடியும் வாங்குது?”

“ஆமாலா அக்கா. பிரேக் போட்டாலும், குழியில விழுந்தாலும் இதுக்குத்தான் அடி.”

எல்லாம் பூட்டியும் அவன் அந்த ரப்பரைப் பிடிக்கும் போல்ட்டை முடுக்கவில்லை. காரை இறக்கி, நான்கு சக்கரமும் நின்ற பிறகே கீழே ஊர்ந்துபோய் முடுக்கினான்.

“தொங்கும்போதே முடுக்கிட்டா, இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும். சீக்கிரம் கிழிஞ்சிரும்.”

திரும்பும் வழியில் கிள்ளானில், அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குள் திரும்பும் இடத்தில் வேகத்தடை. விஜயன் கண்ணை மூடிப் பல்லைக் கடித்தார். கார் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. வலியும் இல்லை. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“தாண்டிட்டோமா?”

“தாண்டியாச்சு.”

அவர் பின்னால் திரும்பி அந்த மேட்டைப் பார்த்தார்.

“ரமணி, யூ-டர்ன் போடு. இன்னொரு தடவ ஏறிப் பாப்போம்லா.”

அன்று அவர்கள் அந்த மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினார்கள்.