மடித்துக் கொடுத்த ஸ்வெட்டர்

சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்குக் குழந்தைகள் அறையின் கதவு திறந்ததும் குட்டி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே கோர்ட்டின் ஆலோசகர் வந்தார். ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் குட்டியின் நீல ஸ்வெட்டர். "விளையாடினதுல வேர்த்துச்சுன்னு கழட்டிட்டா. அவங்க அப்பா எவ்வளவு நேர்த்தியா மடிச்சுக் கொடுத்தார் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அவள் வாங்கினாள். வாங்கியவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

குழந்தைகள் அறை என்று பெயர்தான் பெரிது. உள்ளே இருப்பது நான்கு பிளாஸ்டிக் நாற்காலியும், வால் உடைந்த ஒரு மரக்குதிரையும், எவனோ மீசை வரைந்துவிட்ட ஒரு பொம்மையும். விவாகரத்து வழக்கு முடியும்வரை சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் அப்பா மகளை அங்கே பார்க்கலாம், ஆலோசகர் கூடவே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்த நேரம் முழுக்க அவள் தாழ்வாரத்தின் அடுத்த கோடியில் உள்ள அறையில் உட்கார்ந்திருப்பாள். நேரம் முடிந்ததும் அம்மாவும் மகளும் முதலில் கிளம்பிவிட வேண்டும். அவன் கால் மணி நேரம் அங்கேயே இருந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். பின்தொடர்ந்து வந்து வீட்டைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அவளுடைய புது முகவரியை நீதிபதி உறையில் போட்டு ஒட்டி ஃபைலுக்குள் வைத்திருந்தார். அவனுடைய வக்கீலுக்கே அதைக் காட்டவில்லை. ஏழு மாதமாக அவனும் அந்தக் கால் மணி நேரத்தை ஒரு நிமிடம் குறைக்காமல் உட்கார்ந்து கழித்தான். பூனை மாதிரி இருந்தான். பியூன் முதல் ஆலோசகர் வரை எல்லோருக்கும் அவன் தங்கமான மனுஷன்.

தங்கமாம் தங்கம்! அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு இருக்கிறது. கோர்ட்டில் அதைக் காட்டியபோது அவனுடைய வக்கீல் எழுந்து, லாண்டரியில் வேலை செய்கிறவர்களுக்குச் சூடு படுவது சகஜம்தானே என்று கேட்டார். நாலு பேர் தலையாட்டினார்கள். உண்மைதான், அவள் லாண்டரிக்காரி. அவனும் லாண்டரிக்காரன்தான். ஊரிலுள்ள கடைகளின் அழுக்கு மூட்டைகளை வெளுக்கும் ஆலைக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவரும் வேனை ஒன்பது வருஷமாக ஓட்டுகிறான். அப்படி வந்த இடத்தில்தான் அவளைப் பார்த்தான், சிரித்தான், கட்டிக்கொண்டான். அவனோடு வாழ்ந்தவளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும். அவன் கத்தும்போது பயப்பட வேண்டியதில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தான் என்றால் தொலைந்தது. கடைசித் துணியை மடித்து வைத்த பிறகுதான் எழுந்து வந்து கதவைத் தாழ் போடுவான்.

இப்போது ஸ்வெட்டரை அதே மாதிரி மடித்திருந்தான். கைகள் உள்ளே, ஓரங்கள் ஒன்றோடொன்று, மேலே கழுத்து. கழுத்தை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிவிட்டிருந்தான். அங்கே இரண்டு தையலில் நின்றது ஒரு வெள்ளை நாடாத் துண்டு. நாடாவில் அழியாத கறுப்பு மை. அவளுடைய கையெழுத்து.

நேற்று குட்டி ஸ்வெட்டரில் பாலைக் கொட்டிவிட்டாள். மூன்று நாளாக மழை. கையால் துவைத்தால் காயாது. அதனால் அவர்கள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே, அவள் வேலை பார்க்கும் லாண்டரிக் கடை மெஷினில் போட்டாள். சொந்த மெஷின் உள்ள கடை என்பதால் ஆலை வேன் அங்கே வருவதில்லை. முதலாளியம்மாவின் கைக்குட்டையாக இருந்தாலும் அடையாள நாடா இல்லாமல் மெஷினுக்குள் போகக் கூடாது என்பது கடைச் சட்டம். நாடா எழுதித் தைப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு எழுதுகிறாள். மனசு எங்கோ இருந்தது, கை பாட்டுக்கு எழுதித் தைத்துவிட்டது. துணி வெளியே போகுமுன் நாடாவைக் கத்தரித்துவிட வேண்டும். காலையில் பஸ்ஸுக்கு ஓடிய ஓட்டத்தில் அதை மறந்தாள். அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

"அப்பா இதைப் பாத்தாராடி?"

குட்டி தலையாட்டினாள். "யாரு தச்சதுன்னு கேட்டாரு. அம்மான்னு சொன்னேன். சிரிச்சாரு. ஏம்மா, சொல்லக் கூடாதா?"

"ஒண்ணுமில்லடா தங்கம். நீ இங்க உக்காரு." குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. ஆலோசகரின் பக்கம் திரும்பினாள். "மேடம், அவர் இதை வேணும்னே மடிச்சிருக்காரு."

"வேணும்னுதாம்மா மடிப்பாங்க. துணி தானா மடிஞ்சுக்குமா?"

"விளையாடாதீங்க மேடம். எங்க வீடு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு."

ஆலோசகர் பெருமூச்சு விட்டு ஃபைலை மேஜைமேல் போட்டார். கெட்டவர் இல்லை, காலையிலிருந்து ஒன்பது குடும்பத்தின் சண்டையைக் கேட்டு அலுத்தவர். "போன வாரம் அவர் வாங்கிட்டு வந்த பொம்மையைக் குறை சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் குழந்தையைத் தூக்கினதைக் குறை சொன்னீங்க. இன்னைக்கு மடிச்சது தப்பாப் போச்சு. நான் என்னன்னுதான் எழுதறது? அடுத்த வாய்தாவுல ஜட்ஜ் என்னைத்தானே கேப்பாரு?" திறந்து கிடந்த ஃபைலில் இன்றைய தேதிக்கு நேராக ஈரம் காயாத ஒரு வரி இருந்தது: தந்தை குழந்தையின் உடைமைகளைப் பொறுப்புடன் கையாள்கிறார்.

அதைப் படித்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு மாதமாக இந்த மேஜைக்கு முன்னால் குனிந்து குனிந்து பேசியவள், நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். ஸ்வெட்டரை ஃபைலின் மேலேயே வைத்தாள்.

"படிங்க மேடம்."

"என்னத்தைப் படிக்க? புள்ளியும் கோடுமா இருக்கு."

"நான் சொல்லித் தரேன். முதல்ல ரெண்டு புள்ளி. அது கடையோட அடையாளம், நான் வேலை பாக்கற கடை. அடுத்து என்ன?"

"பதினாலு."

"அது தெரு. ஆலைக்கும் ஊர்ல எல்லா லாண்டரிக்கும் ஒரே பட்டியல்தான். பதினாலுன்னா தண்ணி டேங்க் தெரு. அடுத்து?"

"ஒன்பது. அதுக்கு மேல ஒரு கோடு."

"ஒன்பதாம் நம்பர். மேல கோடு போட்டா மாடி."

ஆலோசகர் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபைலின் கடைசியில் இருந்த ஒட்டிய உறையைப் பார்த்தார். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கோர்ட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவர் ஒருவர். உதடு மட்டும் அசைந்தது. "தண்ணி டேங்க் தெரு, ஒன்பது, மாடி."

"நீங்க அரை நிமிஷத்துல படிச்சிட்டீங்க. அவர் ஒன்பது வருஷமா இதைப் படிச்சுத்தான் மூட்டை பிரிக்கிறாரு. கழுத்தை இப்படி வெளியில திருப்பி எந்த லாண்டரிக்காரனும் மடிக்க மாட்டான். படிச்சிட்டேன்னு எனக்குச் சொல்றதுக்காக மடிச்சிருக்காரு. உங்க கையிலயே கொடுத்து அனுப்பியிருக்காரு."

ஆலோசகரின் முகத்தில் இருந்த அலுப்பு எங்கே போனதோ தெரியவில்லை. சட்டென்று எழுந்தார். "இருங்க. அவரை இங்கயே உக்காத்தி வைக்கச் சொல்றேன். போலீசுக்கு நானே போன் பண்றேன்." செருப்புச் சத்தம் தாழ்வாரம் முழுக்க ஓடியது.

அவள் கைப்பேசியை எடுத்து முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பெரிய இஸ்திரி மெஷின் ஆவி விடும். காதுக்கருகே வெடி போட்டாலும் கேட்காது. கடையில் அந்த அம்மாள் தனியாகத்தான் இருப்பார். தோளில் ஒரு மூட்டையோடு எவன் வந்து நின்றாலும், வாப்பா என்று கவுண்ட்டர் பலகையைத் தூக்கி உள்ளே விடுகிற மனுஷி. மாடிப்படி அந்தப் பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறது. திரும்பக் கூப்பிட்டாள்.

தாழ்வாரத்தில் பியூனின் குரல் கேட்டது. "கால் மணி நேரம் ஆயிடுச்சே மேடம். கையெழுத்துப் போட்டுட்டு இப்பதான் போனாரு. நாற்காலியை எல்லாம் அவரே ஓரமா அடுக்கி வச்சாரு, பாவம்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால் தாண்டி மூன்று நிமிடம். மற்ற வாரமானால் இந்நேரம் குட்டியும் அவளும் பஸ் ஏறியிருப்பார்கள். இந்தப் பதினெட்டு நிமிடமும் ஒரு ஸ்வெட்டரைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதில் போய்விட்டது.

"அம்மா, வீட்டுக்குப் போலாமா? பசிக்குது" என்றாள் குட்டி.

அவள் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே ஜன்னலுக்குப் போனாள். வாராவாரம் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவனுடைய வெள்ளை வேனைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தைக் கழிப்பாள். வேன் அங்கே நிற்கிறவரை அவன் உள்ளே இருக்கிறான் என்று ஒரு தைரியம். காலையிலிருந்து விட்டிருந்த மழை வெளியே மறுபடி தூறிக்கொண்டிருந்தது. முற்றம் முழுக்க நனைந்து கறுத்துக் கிடந்தது. வேன் நின்ற இடம் மட்டும் நீளச் சதுரமாக, வெளிறி, உலர்ந்திருந்தது. அதன்மேல் முதல் சொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழ ஆரம்பித்திருந்தன. மறுமுனையில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.