சிறப்பு ழகரம்

மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த இரும்பு நாற்காலியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், கையிலிருந்த கட்டுரையைச் சுருட்டினாள், மறுபடி பிரித்தாள். பரிசு வாங்கப்போகிற பிள்ளைக்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். இவளுக்கும் பாவவில்லைதான், ஆனால் அது சந்தோஷத்தால் இல்லை. அந்தக் கட்டுரையின் கடைசி வரியில் ஓர் எழுத்து அவளுடையது அல்ல. இன்னும் சற்று நேரத்தில் அதை மைக்கில் வாசிக்க வேண்டும், அதுவும் அம்மாவின் முகத்துக்கு நேரே.

நன்றாக எழுதுகிறவர்களுக்குப் பரிசு கொடுப்பது அந்தப் பள்ளியில் பழைய வழக்கம். வருஷா வருஷம் அதே நாலு பேர் மேடையேறி எல்லோருக்கும் அலுத்துப்போனதால், இந்த முறை ‘எழுத்தில் வளர்ச்சி’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வருஷத் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையையும் கடைசியில் எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். அதிக தூரம் வந்தவர் யாரோ அவருக்குப் பரிசு. பதினோராம் வகுப்பில் இவள் அளவுக்குத் தூரம் வந்தவர் யாருமில்லை. பாதாளத்திலிருந்து புறப்பட்டவளுக்குத் தூரத்துக்கு என்ன பஞ்சம்?

அவள் அம்மா, கட்டிடம் எழும்பும் இடங்களில் கேன்டீன் நடத்துபவள். அஸ்திவாரம் தோண்டும்போது அடுப்பு மூட்டுவாள். கடைசி மாடியில் ஓடு ஒட்டி முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு மூட்டை கட்டுவாள். கூடவே மகளும். ஒரு பள்ளியில் பாதிப் பாடம் முடிந்த பிறகு போய்ச் சேர்வாள். அடுத்ததில் மீதிப் பாதி தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவாள். வீட்டிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அம்மாவின் நாக்கு எதற்கும் மடங்கும், ழகரத்துக்கு மட்டும் மடங்காது. பழம் அவளுக்குப் பலம், கிழங்கு கிலங்கு. காதில் விழுந்ததைத்தானே பிள்ளை எழுதும்?

அப்படித்தான் வருஷத் தொடக்கத்தில், ‘நேற்று மலை பெய்தது, குடை பிடித்தேன்’ என்று எழுதி வைத்தாள். ‘மலை பெய்தால் குடை தாங்குமா?’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார் தமிழ் டீச்சர். அதை வகுப்பில் வாய்விட்டும் படித்துவிட்டார். அன்றைக்கே இவளுக்கு வாலப்பழம் என்று பெயர் விழுந்தது. டீச்சருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ழகரம். யாராவது ‘வால்க’ என்றால் அவருக்கு அன்று சோறு இறங்காது. சாதா லகரம் இல்லை, சிறப்பு ழகரம் என்று சொல்லும்போதே அவர் முகம் மலரும். நல்ல மனுஷிதான். ஆனால் பிழையைத் தேடித் தேடிப் பழகிய கண்ணுக்குப் பிழையைத் தவிர வேறு எதுவும் சட்டென்று தெரிவதில்லை.

கேலி பொறுக்காமல்தான் அவள் படிக்க ஆரம்பித்தாள். ஒரு வருஷம் முழுக்க நாக்கை மடித்து மடித்துப் பழகினாள். முதலில் எழுத்துகள் சரியாயின. அப்புறம்தான் அவளே எதிர்பாராத ஒன்று நடந்தது. ஓர் எழுத்து மாறினால் உலகமே மாறிவிடுகிறது என்று புரிந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு ‘என் வீடு’. மற்றவர்கள் வாசல், ஜன்னல், தோட்டம் என்று எழுதினார்கள். இவள் அம்மா விட்டுவிட்டு வந்த கட்டிடங்களை எழுதினாள். முடிக்கும்போது பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்து, வேண்டுமென்றேதான் அந்த வரியைப் போட்டாள்: ‘கட்டிடம் எழும்பிய இடமெல்லாம் அம்மா என்னை அலைத்தாள்.’

டீச்சர் லகரத்தைச் சுழித்து மேலே ‘ழை’ என்று எழுதினார். இடமெல்லாம் அம்மா அழைத்தாள். அதுவும் பொருந்தித் தொலைத்தது. அதோடு விட்டாரா? கட்டுரைக்கே ‘தாயின் அழைப்பு’ என்று பெயர் மாற்றினார். இவள் மேஜைக்குப் பக்கத்தில் போய், ‘டீச்சர், அந்தக் கடைசி வரி...’ என்று இழுத்தாள். ஒரு பிழைக்கெல்லாம் கவலைப்படாதே, திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார். பரிசு கைக்கு வரும் நேரத்தில் யார்தான் வாயைத் திறப்பார்கள்? மென்று விழுங்கிவிட்டாள்.

இன்று காலையில் அம்மா துவைத்த புடவையை உதறிக்கொண்டே வந்தாள். “ஸ்கூல்ல என்னையும் அலைச்சிருக்காங்கடி.”

அழைச்சிருக்காங்கம்மா என்று திருத்தினாள் மகள். அதைத்தானே சொன்னேன் என்றாள் அம்மா. பிறகு கொசுவத்தைச் செருகிக்கொண்டே, ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி, மேல் மாடியில் ஓடு ஒட்டி முடிந்துவிட்டதாகவும் அடுத்த மாதம் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு இன்னொரு ஊரில், இன்னொரு பெஞ்சில், இன்னொரு பட்டப்பெயரோடு. இந்த முறை கிளம்ப அவளுக்கு மனசில்லை.

டீச்சர் மைக்கைப் பிடித்தார். முதல் கட்டுரையில் வரிக்கு வரி பிழை, கடைசிக் கட்டுரையில் ஒன்றே ஒன்று, அதையும் திருத்தியாகிவிட்டது என்றார். கூட்டம் கைதட்டியது. அம்மாவை முன்வரிசையிலேயே உட்கார வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டை முடித்து, மாலை டீக்குள் திரும்ப வேண்டிய அவசரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் வாசித்தாள். ‘ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தால் எங்களுக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். சுண்ணாம்பு வாசனைதான் எனக்குத் தெரிந்த வீட்டு வாசனை.’ அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். பக்கத்திலிருந்த பெண்மணியிடம் நிஜம்தான் என்று முணுமுணுத்தாள். அழைத்தாள் என்று வாசித்துவிட்டால் அம்மா பூரித்துப்போவாள். பரிசும் அதற்குத்தான். ஆனால் அந்த வரியை வாசித்த பிறகு, அடுத்த மாதம் கிளம்ப வேண்டாம் என்று சொல்ல இவளுக்கு வாய் ஏது?

கடைசி வரி வந்தது. மேடை ஓரத்தில் டீச்சர் நாக்கை மேலே மடித்துக் காட்டினார்.

“கட்டிடம் எழும்பிய இடமெல்லாம் அம்மா என்னை அலைத்தாள்.”

பின்வரிசையில் ஒருவன் ‘வாலப்பழம்’ என்றான். அரங்கமே சிரித்தது. வளர்ச்சிக்குப் பரிசு வாங்க வந்தவள் சறுக்கிவிட்டாள் என்று எல்லோருக்கும் ஒரே குஷி. டீச்சர் முகம் வெளுத்து, ழை, ழை என்று வாயசைத்தார்.

“பிழை இல்ல டீச்சர்,” என்றாள் அவள். மைக் அதையும் எடுத்துச் சொன்னது. “சாதா லகரம்தான். அழைக்கல, அலைய வெச்சாங்க.”

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் ஒருத்திக்கு மட்டும் புரிந்தது. ஆட்டிக்கொண்டிருந்த தலை நின்றுவிட்டது. பரிசைக் கொடுத்தார்கள், அவளும் வாங்கிக்கொண்டாள். அப்போது அம்மாவும் எல்லோரையும் போலக் கைதட்டினாள்.

டீ நேரம் நெருங்கியிருந்தது. வாசலைத் தாண்டி அம்மா விறுவிறுவென்று நடந்தாள். கோபமா என்று மகள் கேட்டாள். ஊர் முழுக்கக் கேட்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அதற்குள் மனசு அரிக்கத் தொடங்கியிருந்தது.

“கோபம் என்ன கோபம். உள்ளதைத்தானே சொன்னே.” அம்மா திரும்பிப் பார்க்காமலே பேசினாள். “மேஸ்திரி வீட்டம்மா மாடில ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்குதாம். சொல்லி வெக்கறேன். நீ இங்கேயே இருந்து படி. இனிமே உன்னை அலைக்க மாட்டேன்.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் காலையில் அதே வாய்தான் பள்ளியிலிருந்து அலைச்சிருக்காங்க என்றது. ஒரு வருஷம் நாக்கையும் காதையும் பழக்கியவளுக்கு, அலைக்க மாட்டாளா, அழைக்க மாட்டாளா என்று பிடிபடவில்லை.

“எந்த லை, அம்மா?”

“எந்த லைன்னா? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்டி,” என்று சொல்லிவிட்டு அம்மா சாலையைக் கடந்தாள்.

யாரும் அழைக்கவில்லை. அவள் பின்னாலேயே ஓடினாள்.