குலுங்காத ஜீப்

"கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க சார், இனிமேதான் இருக்கு. போன மாசம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின ஒருத்திக்கு, இந்த ரோட்டுலயே பிள்ளை பொறந்துடுச்சு" என்றாள் கவுன்சிலர்.

இன்ஜினியர் பயந்துபோய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கல் குவாரியில் பதினேழு வருஷம் ஜல்லி சுமந்தவள் அவள். நாலு ஊர்க்காரர்கள் சேர்ந்து அவளுக்கு ஓட்டுப் போட்டதே இந்த ஒரு ரோட்டுக்காகத்தான். மனுக் கொடுத்தே செருப்புத் தேய்ந்தது. இன்று விடிந்ததும் முதல் பஸ் ஏறி, ஆபீஸ் வாசலில் சட்டமாக உட்கார்ந்து, ஆளைக் கையோடு கூட்டி வருகிறாள். அவர் குழிகளை அளந்து எழுதினால் புது ரோடு. தவறினால் மூன்று வருஷத்துக்கு ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்காது.

மொத்தம் நாற்பத்து மூன்று குழிகள். பெரிய குழிகளுக்குப் பேரே உண்டு. முதலில் வருவது பல்லாட்டி, அடுத்தது இடுப்பொடிச்சான், ஊர் வாசலில் கிணறு.

பல்லாட்டி வரும் இடம் வந்தது. கவுன்சிலர் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஜீப் தொட்டில் மாதிரி போனது. இடுப்பொடிச்சானும் அப்படியே. கிணற்றைத் தாண்டியதே தெரியவில்லை.

ஊர் வாசலில் நாற்பது பேர் மண்வெட்டியும் கூடையுமாக, உடம்பெல்லாம் புழுதியாக, சிரித்தபடி நின்றார்கள். முன்னால், மண்ணை இடித்துக் கெட்டிக்கும் திமிசுக் கட்டையில் சாய்ந்து நின்றவன் அவள் புருஷன்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

"பெரிய மனுஷர் வர்றாருன்னியே, வண்டி குலுங்கினா யாருக்கு அசிங்கம்? நீ பஸ் ஏறினதும் ஆரம்பிச்சோம். ஒரு குழி விடலை."

"அட பாவி மனுஷா! குழியை அளக்கத்தானேய்யா அவரு வந்ததே!"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"ரோட்டை அளப்பாருன்னுல்ல நெனச்சோம்" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. "விவரமாச் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல அக்கா?"

இன்ஜினியர் இறங்கி பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். "பரவாயில்லையே மேடம். எங்க காண்ட்ராக்டர்கூட இப்படிப் போடமாட்டான்." நோட்டைத் திறந்து, 'சாலை நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினார்.

கவுன்சிலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கடப்பாரையைப் பிடுங்கினாள். புருஷன் குறுக்கே விழுந்தான்.

"கை வச்சே, நல்லா இருக்காது! முதுகு கழண்டு போய்க் கிடக்கோம்."

"கவர்மென்ட் ரோட்டைத் தோண்டினா கேஸ் ஆயிடும் மேடம்" என்றார் இன்ஜினியர்.

"குழியாக் கிடந்தப்போ நாதியில்லை. எங்க ஆளு அடைச்சதும் கவர்மென்ட் ரோடாயிடுச்சா?"

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் லாரி, வயிறு நிறைய.

அவள் கடப்பாரையைக் கீழே போட்டாள். "சார், அந்த லாரி வந்து சேரட்டும். அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

லாரி பல்லாட்டியில் ஏறியது. குழி தாங்கியது. கூட்டம் விசில் அடித்தது. புருஷன் மீசையைத் தடவினான். இடுப்பொடிச்சானும் தாங்கியது. இன்ஜினியர் பேனாவின் மூடியைத் திறந்தார். தன் புருஷன் உழைப்பு நாசமாய்ப் போகட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"மெல்ல! ஓரமா வாடா டேய்!" என்று கத்திக்கொண்டு அவன் ஓடுவதற்குள், கிணறு வாயைத் திறந்தது. பின்சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கியது. தொட்டி சாய்ந்து, வாரத் தண்ணீரில் பாதி இன்ஜினியர் தலையில் கொட்டியது.

எல்லாரும் "ஐயையோ" என்றார்கள். கவுன்சிலருக்கு மட்டும் முகமெல்லாம் பல்.

"டேப்பை எடுங்க சார்!"

இரண்டேகால் அடி. சொட்டச் சொட்ட அவர் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார். லாரி வழியை அடைத்துக்கொண்டதால் அவருக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. ஆகவே அடைத்த மீதிக் குழிகளையும் ஊர்க்காரர்களிடம் ஒவ்வொன்றாக இடமும் ஆழமும் கேட்டு எழுதிக்கொண்டார்.

சக்கரத்துக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிக்கொண்டிருந்த புருஷன், முகத்தை உம்மென்று வைத்தபடி அவளைக் கூப்பிட்டான்.

"இந்தா, அவருகிட்ட ஒண்ணு சொல்லு. இந்தக் குழி நான் அடைச்சது இல்லை, உன் தம்பி அடைச்சது. அதையும் நோட்டுல எழுதிக்கச் சொல்லு."