கூரை மேல் ஏறிய ஆடு

யூதர்களின் சாவு வீட்டு வழக்கப்படி பிரைண்டெல் நாற்காலி மேல் ஏறி நிலைக்கண்ணாடியைப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தபோது, கணவரின் சிநேகிதர் கெட்சல் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். நாற்பது வருடமாகத் தட்டாத மனிதர் இன்றைக்கு மட்டும் தட்டிவிடப் போகிறாரா? அவளுடைய கணவர் ஸெலிக் விடியற்காலையில் இறந்து, அடுத்த அறையில் வெள்ளைத் துணிக்குள் தரையில் கிடந்தார்.

"பாடையைத் தூக்கறதுக்கு முன்னாடி அவனைப் பத்தி நான் ரெண்டு வார்த்தை பேசணும்," என்றார் கெட்சல்.

"யாரும் பேசக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டார். நேத்து சாயங்காலம், என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

"நேத்து மத்தியானம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீதான் பேசணும்'னு சொன்னானே!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

எதிர்ச் சந்தில் இருக்கும் படிப்புக்கூடத்தில் ஸெலிக்கும் கெட்சலும் ஒரே மேசையில், யூதச் சட்ட நூலான தால்முத்தை நடுவில் வைத்துக்கொண்டு தினமும் கத்தியவர்கள். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இருவர் சொன்னது ஒன்றோடொன்று முட்டினால், ஒருவர் தவறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இவர் சொன்னது இன்ன சூழலில், அவர் சொன்னது இன்ன சூழலில் என்று காட்ட வேண்டும். உலகத்தில் நடக்கவே நடக்காத சூழலாக இருந்தாலும் பரவாயில்லை. சூழல் ஜோடிப்பதில் ஸெலிக் மன்னன். அதை உடைப்பதில் கெட்சல் மன்னன். கடைசிச் சண்டை காணாமல் போன ஆட்டைப் பற்றியது. "அந்தப் பெரியவர் சொன்னது கூரை மேல ஏறி நிக்கிற ஆட்டை," என்று ஸெலிக் சொல்லியிருந்தார். கெட்சல் அதை உடைப்பதற்குள் ஸெலிக் படுக்கையில் விழுந்துவிட்டார்.

வீட்டிலும் ஸெலிக்குக்கு அதே பிழைப்புதான். மீன் வாங்கி வருகிறேன் என்று போய் வெறுங்கையோடு வந்து நிற்பார். "நான் சொன்னது, வழியில கெட்சல் எதிர்ப்படாத நாளைக்கு," என்பார்.

ஆனால் இது மீன் இல்லை. சாகும்போது யாரோ ஒருவரை ஆறுதலுக்காக ஏமாற்றிவிட்டுப் போனார் என்றால், அந்த ஒருவர் தானாக இருக்கக் கூடாதே என்று பிரைண்டெலுக்குப் பயம். கெட்சலுக்கும் அதே பயம்தான். தாடியைப் பிய்த்துவிடுவதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட அவன் சொன்னது," என்று ஆரம்பித்தார், "அவனுக்கு முன்னாடியே நான் செத்துப்போயிருந்தா."

"நீங்கதான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களே!"

"சரி, எனக்குத் தொண்டை கட்டியிருந்தா."

"உங்க தொண்டை தெருக்கோடி வரைக்கும் கேக்குது."

மகள் ஹிண்டா வாசலில் வந்து நின்றாள். "தூக்கறதுக்கு ஆள் வந்தாச்சு. பொணத்தை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இதென்ன கூத்து?"

பிரைண்டெல் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"நான் சொல்றேன், கேளுங்க கெட்சல். எந்தச் சூழல்ல பேசக் கூடாது? பேச்சைக் கேட்டு ஜனங்க அழற சாவுல. எந்தச் சூழல்ல பேசணும்? ஒருத்தரும் அழாத சாவுல. யாரையும் அழ வைக்காம பேசணும்னா, அவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தைகூட வாயில வராத ஆள் வேணும். அது உங்களை விட்டா யாரு?"

படிப்புக்கூடத்தில் கேள்வி கேட்கும்போது எழுவதுபோல் கெட்சலின் கட்டைவிரல் தன்னால் மேலே எழுந்தது. "புகழாத சிநேகிதன், அழாத ஜனம், அழாத பொண்டாட்டி. இப்படி ஒரு சாவு உலகத்துல நடக்குமா, பிரைண்டெல்?"

"கூரை மேல ஆடு ஏறலாம், இது நடக்கக் கூடாதா?"

கெட்சல் தலையாட்டிவிட்டு முற்றத்துக்கு இறங்கினார். ஹிண்டாவுக்கு நினைவு தெரிந்து அவர் ஒரு சூழலை உடைக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

முற்றத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. ஜெருசலேமின் ஆவணி வெயில் கல்தரையில் காய்ந்தது. கெட்சல் பாடைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஸெலிக்! கூரை மேல ஆடுன்னே. சரி, ஒத்துக்கறேன். அது எப்படிடா அங்க ஏறிச்சு? ஏணியா? ஏணின்னா யார் வச்சது? வச்சவனுக்கு ஆடு யாரோடதுன்னு தெரியாதா? நாற்பது வருஷமா உன் ஆடெல்லாம் பறக்குது, எனக்குத்தான் கழுத்து வலி!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கூட்டமே சிரித்தது. பாடை தூக்க வந்தவன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். கெட்சல் கட்டைவிரலைக் காற்றில் ஒரு சுழற்று சுழற்றி நிறுத்தினார். கேள்வி முடிந்தது, இனி உன் முறை என்று அதற்கு அர்த்தம். தலையைச் சாய்த்துப் பாடைப் பக்கம் காதைக் கொடுத்தார்.

சிரிப்பு அடங்கியது. அவர் காத்திருந்தார். விரல் இன்னும் காற்றிலேயே நின்றது.

"சரிடா," என்றார் கடைசியில், யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில். "யோசிச்சுச் சொல்லு."

ஹிண்டா அம்மாவின் காதோரம் குனிந்தாள். "அம்மா, மாமா அழறார். உன் சூழல் உடைஞ்சுபோச்சு."

"அழலை. இது கண்ணுல தூசி விழுந்த சூழல்."

"காத்தே இல்லையேம்மா. ஒரு இலைகூட அசையலை."

"எங்கயாவது அடிச்சிருக்கும்."

பாடையைத் தூக்கினார்கள். பிரைண்டெல் முக்காட்டின் நுனியை இழுத்து, முதலில் ஒரு கண்ணிலிருந்த தூசியையும், பிறகு மற்றக் கண்ணிலிருந்த தூசியையும் துடைத்துக்கொண்டாள்.