விசாரிப்பு

"பாப்பாவுக்கு வேற யாரு இருக்கா?" என்று பெண் காவலர் கேட்டபோது, பெயிண்டர் மகளின் பின்னலைப் பாதியில் பிடித்தபடி நின்றார். அவர் பெயிண்ட் அடித்த ஒரு வீட்டில் வளையல் காணாமல் போயிருந்தது; சந்தேகத்தில் அவரைக் கூட்டிப்போக ஜீப் வந்திருந்தது. மனைவி உயிரோடு இல்லை. யாருமில்லை என்று சொன்னால் குழந்தை காப்பகத்துக்குப் போகும். கேட்ட தொனியிலேயே அது தெரிந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தத்துக்காக அந்த மனுஷனோடு சண்டை பிடித்து, மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாதவள். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"நான் இருக்கேன். அத்தை முறை."

இந்தப் பொய்யைக் கடவுள் கணக்கில் வைக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே, பின்னலின் மூன்று பிரிகளையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அப்பாவ எதுக்கு கூட்டிட்டுப் போறாங்க?"

"விசாரிக்கத்தான் கண்ணு."

"விசாரிக்கிறதுன்னா?"

"நல்லா இருக்கியா, சாப்பிட்டியான்னு கேக்குறது. உங்க டீச்சர் என்னை விசாரிச்சாங்கன்னு வந்து சொன்னியே, அந்த மாதிரிதான்."

குழந்தைக்குத் திருப்தி. ஜீப்புக்குக் கையசைத்து வழியனுப்பினாள்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வளையல் அந்த வீட்டு அலமாரியிலேயே கிடைத்துவிட்டதாம். வந்து ஆளைக் கூட்டிப் போகலாமாம். வராதே என்றால் கேட்கிற பிள்ளையா? தையல்காரிக்கு முன்னால் ஓடி ஏட்டின் மேஜையருகே நின்றாள்.

"மாமா, எங்கப்பாவ விசாரிச்சீங்களா?"

ஏட்டு நிமிர்ந்தார். "ம்."

"நல்லா விசாரிச்சீங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது. "ராத்திரி பூரா விசாரிச்சோம் பாப்பா. ஒரு குறையும் வைக்கல."

"தேங்க்ஸ் மாமா."

ஏட்டு சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனார். கதவிடுக்கில் தையல்காரி பார்த்தாள். பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் போடுவதுபோல, பெயிண்டருக்குச் சட்டையை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டிருந்தார் ஏட்டு. பெயிண்டரின் விரல்கள் வீங்கி, மடங்காமல் தொங்கின. இரக்கமுள்ள மனுஷன்தான். அந்த இரக்கம் நேற்று ராத்திரி எங்கே போயிருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பெயிண்டர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார்.

"ஐயே! அப்பா, பட்டன மாத்திப் போட்டிருக்கே. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது பாரு."

"அவசரத்துல போட்டதுடா. வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்."

"இப்படியேவா தெருவுல வருவே? மானம் போயிரும்."

பெஞ்சின் மேல் ஏறி நின்று, குழந்தை மேல் பட்டனைக் கழற்றினாள். "அத்தை, நீங்க தையல்காரிதானே? சொல்லுங்களேன்."

தையல்காரி வாயைத் திறந்தாள். பெயிண்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன விரல்கள் அடுத்த பட்டனுக்கு இறங்கின.