தன்னை என்றால் யாரை

கல்லூரியில் மொழியியல் கற்பிக்கும் ஆசிரியை, ‘தான்’, ‘தன்னை’ போன்ற சொற்கள் ஒரு வாக்கியத்தில் யாரைக் குறிக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். அகப்பட்டவர்களையெல்லாம் உட்காரவைத்து, ஒரு வாக்கியத்தைச் சொல்லி, இதில் யார் யாரை என்று குடைவாள். அவள் தலை தெரிந்தாலே குடியிருப்பில் பலர் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி மட்டும் மெஷினை மிதித்தபடியே சளைக்காமல் பதில் சொன்னாள்.

அன்று காலை, நானே ஒன்று சொல்லட்டுமா என்று தையல்காரி கேட்டாள். ஆசிரியை ரெக்கார்டரை அவள் பக்கம் நகர்த்தினாள். மெஷின் நின்றது.

“‘புருஷன் தன்னைக் கொல்லப்போறான்னு அவ பயந்தா.’ இதுல தன்னைன்னா யாரு டீச்சர்?”

ஆசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளாகவும் இருக்கலாம், புருஷனாகவும் இருக்கலாம் என்று விளக்கினாள். இவ்வளவு நல்ல உதாரணம் தனக்கே தோன்றவில்லை என்று மெச்சினாள். உள்ளறையில் யாரோ இருமினார்கள். தையல்காரி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், நூல் ஏறவில்லை.

மதியம் மாடியில் தன் வீட்டில் பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் ஆசிரியைக்கு உறைத்தது. அவன் தன்னையே மாய்த்துக்கொள்வதென்றால் ‘கொன்னுக்கப்போறான்’ என்றுதான் வாயில் வந்திருக்கும். அவள் சொன்னது ‘கொல்லப்போறான்’. அந்தத் ‘தன்னை’ பயந்தவள்தான். அதற்கடுத்துப் பதிவில் இருமல். அவள் புருஷன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினாள்.

கதவைப் பாதிதான் திறந்தான் அவன். தன்மையாகச் சிரித்தான்.

“கத்தரிக்கோல் பட்டுடுச்சு. அவளே வெட்டிக்கிட்டா டீச்சர். படுத்திருக்கா.”

ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்றாள் ஆசிரியை. வேண்டாம் என்றான். அவள் நகராமல், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் வழிவிட்டான். கையில் சுற்றிய துண்டு சிவந்து ஊற, தையல்காரி சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

“நானேதான் வெட்டிக்கிட்டேன்,” என்றாள், அவன் முகத்தைப் பார்த்து.

டாக்ஸி தெருமுனை திரும்பியதும், கேட்காமலே சொன்னாள். “அவர்தான் என்னை.”

கையில் தையல் போட்டார்கள். போலீஸ் புகார் எழுதிக்கொண்டது. அக்கா வந்து அவளைத் தன்னோடு வெளியூருக்குக் கூட்டிப்போனாள். அவனை விசாரித்து, சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

கீழ்வீட்டில் அவன் தனியாக இருந்தான். ஒரு காலை ஆசிரியை படியிறங்கும்போது, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். அவளுக்கு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். கண் மட்டும் அவள்மேலேயே இருந்தது.

“சும்மா விடமாட்டேன். யாரைன்னு அவங்களுக்கே தெரியும்,” என்றான் போனுக்குள்.

ஆசிரியை திரும்பிப் பார்க்கவில்லை. கல்லூரிக்குப் போகாமல், நேராகப் பூட்டுக் கடைக்கு நடந்தாள்.