அரைவைக்காரரின் மூக்கு

மாவு மில் அரைவைக்காரருக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது. கல் இறுகி மாவு சூடேறினால், கருகுவதற்கு முன்பே வாசனையில் பிடித்துக் கல்லை இறுக்கும் கைப்பிடியைத் தளர்த்திவிடுவார். போன மாதம் பிடிக்கவில்லை. மூக்கு அடைத்துக் கிடந்தது. ஒரு நடை அரைத்த மாவு முழுதும் கருகிப்போனது.

"மூக்கு சரியாகலேன்னா சாக்கு தைக்கப் போங்கண்ணே. மெஷினை என் மச்சான் பாத்துக்குவான்," என்றார் முதலாளி.

அந்த மச்சானுக்கு மாவும் ஒன்று, சுண்ணாம்பும் ஒன்று.

மூக்கில் அடிக்கும் மருந்தை டாக்டர் எப்போதோ எழுதிக் கொடுத்திருந்தார். அடைத்தாலும் அடைக்காவிட்டாலும் தினமும் காலையில் அடிக்க வேண்டுமாம். நோவில்லாத நாளில் எவனாவது மருந்து அடிப்பானா? அடைத்தால் அடிப்பார், திறந்தால் தூக்கி அலமாரியில் போடுவார். மில் ஆட்கள் எல்லாருக்கும் அதே மருந்து, அதே வழக்கம். ஒருத்தர் குப்பி தீர்ந்தால் இன்னொருத்தர் குப்பி. சளி பிடித்தால் அரைவைக்காரரின் மனைவியும் அதிலேயே இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வாள்.

யார் எப்படி அடிக்கிறார்கள் என்று விசாரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா மில்லுக்கு வந்தாள்.

"தினமும் அடிக்கிறீங்களா?"

"பல் விளக்குறோமோ இல்லையோ, அது தவறாது," என்றார் சாக்கு தைப்பவர்.

எல்லாரும் தலையாட்டினார்கள். அரைவைக்காரரும் ஆட்டினார். இல்லை என்று சொன்னால் இலவச மருந்தை நிறுத்திவிடுவார்கள். கேள்வி கேட்டு வருகிறவர்கள் கொடுக்கவா வருவார்கள்?

அடுத்த முறை போனபோது டாக்டர் சொன்னார்: "தினமும் அடிச்சும் வாசனை வரலைன்னா மருந்து உங்களுக்குக் கேக்கலை. மாவுத் தூசியை விட்டுடுங்க. உங்க முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

அரைவைக்காரர் சொன்ன பொய் நேராகப் போய் மச்சான் பக்கம் உட்கார்ந்துகொண்டது.

"தினமும் அடிக்கலை. அடைச்சா மட்டும்தான்."

"உங்க மில்லுல எல்லாருமே தினமும்னாங்களாமே?"

"என் மூக்கைக் கேளுங்க டாக்டர். ஊர் மூக்கைப் பத்தி நான் எதுக்குச் சொல்லணும்?"

டாக்டர் சொன்னார்: "இது அடிச்ச உடனே திறக்குற மருந்து இல்லை. உள்ள வீக்கம் மெதுவா வத்தணும். ஒழுங்கா அடிச்சுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்."

நம்பிக்கை வந்து அல்ல, வேறு வழியில்லாமல் அடித்தார். குப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒரு இழுப்புக் குடுத்தா மூக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

"உனக்குன்னு எழுதி வாங்கு."

நாள் போனது. ஒரு காலை, மச்சான் பக்கத்தில் நின்று வேலை பழகிக்கொண்டிருந்தான். அரைவைக்காரர் சட்டென்று கைப்பிடியைத் தளர்த்தினார்.

"நல்லாத்தானே ஓடுதுண்ணே?" என்றான் மச்சான்.

"கல்லு சூடாகுது."

முதலாளி வந்து மாவை அள்ளினார். கை சுட்டது. நிறம் மாறவில்லை. மச்சானைத் திரும்பிப் பார்த்து, "நீ மூட்டை ஏத்தப் போ," என்றார்.

சாக்கு தைப்பவர் மெல்லக் கேட்டார்: "எப்படிண்ணே திறந்துச்சு?"

"தினமும் அடிச்சேன்."

அவர் ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னார்: "அதை நர்ஸம்மாகிட்டச் சொல்லுங்க. என்கிட்டயுமா?"